கொடுவா திண்டது போகத்தான் எங்களுக்கு இறால்

ஆசிரியர் ஐயாவுக்கு,

மட்டக்களப்பு வாவியில மீன் குறையுது எண்டா உடனே இறால் குஞ்சு விடுங்க, கொடுவா குஞ்சு விடுங்க எண்டுதான் எல்லாரும் கதைக்கிறம், ஆனா கொடுவா இறாலத் திங்கும் எண்டு வலை வீசுற ஆக்களுக்கு நல்லாத் தெரியும், மறுகா ஏன் ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக் கணக்குப் பாக்கிறம்?

நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் மேல கிடக்கிற பாரன்ட்ஸ் கடல்ல 1980கள் நடுவுல கபெலின் எண்ட சின்ன மீன் அப்பிடியே விழுந்திட்டு. அதத் திண்டு வாழுற காட் மீன் பசியில தன்ட குஞ்சுகளையே திண்டதாம்! இப்ப அங்க கபெலின் பிடிக்க முதல் காட் எவ்வளவு திங்கும் எண்டதையும் மொடல்ல போட்டுப் பாக்கிறாங்க. முட்டை போட மிஞ்சுற கபெலின் 2 லட்சம் தொன்னுக்குக் கீழ போற சான்ஸ் 5 வீதத்தத் தாண்டக் கூடாது, தாண்டினா பிடிக்கிற அளவக் குறைக்கணும், சில வருசம் பிடியே இல்ல. கணக்குப் பிழைக்கலாம் எண்டதையும் சேத்தே போட்ட கணக்கு, அதுதான் எனக்குப் பிடிச்சது.

எங்கட வாவி இன்னும் சிக்கல், முகத்துவாரம் வெட்டினா உப்புத் தண்ணி, மாரி மழைக்கு நல்ல தண்ணி, அதோட திலாப்பியா வேற. நாரா எண்ட அரசாங்க நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் மீனவர் சங்கங்களக் கூப்பிட்டு எது எதத் திங்குது எண்டு முதல்ல எழுதிப் பாக்கட்டும், குஞ்சு விடுறத மறுகா யோசிக்கலாம்.

வாவி மீன் வாங்குற ஒராள்,
கல்லடி