எண்பதாயிரம் ரூபாயும் நூறு கோடி டாலரும்

டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் தங்கச்சியும் நலமா? முழங்கால் வலிக்கு அந்தச் சித்த வைத்தியர் கொடுத்த எண்ணெயை விடாமல் போடு, பத்து நாளில் நிறுத்திவிடாதே. இங்கே மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஓடிவிட்டது. பேரன் இப்போது தாத்தா என்று முழுசாகச் சொல்கிறான்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உன் கேள்விதான். "வெளிநாட்டில் போய் உட்கார்ந்துகொண்டு நிலக்கரிக்குக் கடன் கொடுக்காதே என்கிறாய், நம்ம ஊரில் லைட் எரிய வேண்டாமா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி, அதிலும் தூத்துக்குடிக்காரன் கேட்கிற கேள்வி. தெர்மல் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1979ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தபோது ஊரே பெருமைப்பட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால் அவசரப்பட்டு எதையாவது எழுத மனசு வரவில்லை.

போன வாரம் படகில் மேக்னெட்டிக் தீவுக்குப் போனோம், இருபது நிமிஷப் பயணம். மருமகன் ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தான், நெஞ்சளவு தண்ணீரில் நின்று தலையை உள்ளே விட்டேன். மான்கொம்பு மாதிரி கிளை கிளையாய்ப் பவளம். ஆனால் பெரும்பாலும் உயிர் இல்லை, பழுப்புப் பாசி தோல் போலப் போர்த்தியிருந்தது. ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கிளை நுனிகள் மட்டும் ஊதாவாக இருந்தன, அதைச் சுற்றி இரண்டு சின்ன மீன்கள். முருகைக்கல்தான் மாப்ளே. சின்ன வயதில் வண்டி வண்டியாக வெட்டிக்கொண்டு வந்து காளவாசலில் சுண்ணாம்புக்குச் சுட்டார்களே, வீட்டு அஸ்திவாரத்துக்குக்கூடப் போட்டார்களே, அதே கல். அது ஒரு உயிர் என்று அன்றைக்கு நமக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு நிறம் கொடுப்பதும் சாப்பாடு கொடுப்பதும் அதற்குள்ளே குடியிருக்கிற நுண்பாசி. கோடையில் கடல் வழக்கமாகச் சூடாகிற அளவைத் தாண்டி ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிடும், அப்புறம் வெளுத்துப் பட்டினியில் சாகும். கிரேட் பேரியர் ரீஃப் என்கிற இங்கத்திய பெரும் பவளத்திட்டு 1998லும் 2002லும் பரவலாக வெளுத்தது. பிறகு 2016, 2017, 2020, 2022, 2024 என்று மூச்சு விடக்கூட நேரம் இல்லாமல் வெளுத்திருக்கிறது. 2016ல் மட்டும் ஆழம் குறைந்த பகுதிப் பவளத்தில் சுமார் 30 சதவீதம் செத்தது. அதே வருடம் நம் மன்னார் வளைகுடாவிலும் வெளுத்தது, நம்ம வான்தீவுப் பக்கம்.

இப்போது நிலக்கரிக்கு வருகிறேன். இங்கிருந்து தெற்கே இருநூறு கிலோமீட்டரில் போவன் என்று ஒரு ஊர், மாம்பழத்துக்குப் பேர்போனது. அந்த மாங்கொட்டையே இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிப் போன கப்பல்கள் வழியாக வந்தது என்கிறார்கள். அந்தக் கடற்கரையில் நின்று பார்த்தால் தொடுவானத்தில் கரி ஏற்றக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். பக்கத்தில்தான் அபாட் பாயிண்ட் கரித் துறைமுகம். 2011ல் அதை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது நம்ம அதானி குழுமம். அதற்கு முந்தின வருடமே உள்நாட்டில், கலிலி படுகை என்கிற இடத்தில், கார்மைக்கேல் சுரங்கத்துக்கான நிலக்கரிப் படிவை வாங்கிவிட்டார்கள். முதலில் போட்ட திட்டம் வருடத்துக்கு 6 கோடி டன், 388 கிலோமீட்டர் புது ரயில் பாதை, மொத்தம் 1,650 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு.

அந்தக் கரியை ஒரு டன் எரித்தால் சுமார் இரண்டு டன் கரியமில வாயு வரும், கடலைச் சூடாக்குகிற அதே வாயு. ஒரு டன்னிலிருந்து எப்படி இரண்டு டன் என்று கேட்பாய், காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்வதால் எடை கூடுகிறது. முழுத் திட்டமும் அதன் ஆயுள் முழுக்க ஓடினால் 470 கோடி டன் வாயு என்று குயின்ஸ்லாந்து நிலநீதிமன்ற வழக்கிலேயே கணக்குப் பேசப்பட்டது. ஆனால் அனுமதி கொடுத்தவர்கள் இந்தக் கணக்கைச் சுரங்கத்தின் தலையில் வைக்கவில்லை. எரிக்கிற நாட்டின் பாடு என்றார்கள், இங்கே தோண்டாவிட்டால் வேறு எங்கோ தோண்டுவார்கள் என்றார்கள். சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கும் 2016ல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது. சாராயம் காய்ச்சுகிறவன், நான் காய்ச்சாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் காய்ச்சப் போகிறான் என்பான் இல்லையா, அந்த வாதம்தான் இது, கோர்ட்டில் எடுபட்டும் விட்டது.

சரி, அரசாங்கமும் தடுக்கவில்லை, கோர்ட்டும் தடுக்கவில்லை. அப்படியிருந்தும் 6 கோடி டன் திட்டம் 1 கோடி டன்னாகச் சுருங்கியது. சுருக்கியது உன் தொழில்காரர்கள், மாப்ளே. பாங்குகள்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீ மேனேஜராக இருந்தபோது ஒரு வள்ளக்காரர் என்ஜின் வாங்க எண்பதாயிரம் லோன் கேட்டு வந்தார். நான் உன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஜாமீன்தாரர் கேட்டாய், வீட்டு வரி ரசீது கேட்டாய், போன மூன்று வருட மீன்பாடு எப்படி என்று கேட்டாய், அதோடு விடாமல் மறுநாள் காலையில் கடற்கரைக்கே போய் வள்ளத்தின் பலகையைத் தட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாய். ஏழையை இப்படி அலைக்கழிக்கிறாயே என்று நான் கோபப்பட்டேன். "இது என் பணம் இல்லைடா, டெபாசிட் போட்டவன் பணம்" என்றாய். அந்த வார்த்தை என் மனசில் தங்கிவிட்டது.

2014 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜி20 மாநாடு. பிரதமர் வந்திருந்தார், அதானி வந்திருந்தார், ஸ்டேட் பாங்க் தலைவரும் வந்திருந்தார். அந்தச் சமயத்தில் இந்தச் சுரங்கத்துக்கு 100 கோடி அமெரிக்க டாலர் வரை கடன் தரலாம் என்று ஸ்டேட் பாங்க் ஒரு புரிந்துணர்வுக் குறிப்பில் (எம்ஓயூ) கையெழுத்துப் போட்டது. அன்றைய மதிப்பில் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். வெறும் எம்ஓயூதான், பரிசீலனை முடிந்த பிறகுதான் லோன் என்று பாங்க் விளக்கம் சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே மாதத்தில்தான் அப்போதைய மின்துறை அமைச்சர் பியூஷ் கோயல், இரண்டு மூன்று வருடத்தில் அனல்மின் நிலக்கரி இறக்குமதியையே நிறுத்திவிடலாம் என்று டெல்லியில் பேசினார். நிறுத்த முடியவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஒரு மேனேஜராக யோசித்துப் பார். எந்த நாட்டுக்கு விற்கப்போகிறார்களோ அந்த நாடே வாங்கப்போவதில்லை என்று சொல்கிற சரக்குக்கு நீ லோன் சாங்ஷன் பண்ணுவாயா?

அந்த எம்ஓயூ லோனாக மாறவில்லை. 2015ல் காமன்வெல்த் பாங்க் இந்தத் திட்டத்தின் ஆலோசகர் வேலையிலிருந்து விலகியது, ஸ்டாண்டர்டு சார்ட்டர்டும் விலகியது, நேஷனல் ஆஸ்திரேலியா பாங்க் தர மாட்டோம் என்றது. 2017 ஏப்ரலில் வெஸ்ட்பேக் ஒரு விதியே கொண்டுவந்தது. புதுப் படுகைகளில் அனல்மின் கரி தோண்டக் கடன் இல்லை, எரித்தால் கிலோவுக்கு 6,300 கிலோகலோரிக்குக் கீழே வெப்பம் தருகிற கரிக்கும் இல்லை. கலிலி புதுப் படுகை, கார்மைக்கேல் கரியின் தரமும் அந்த அளவுக்கு வெகு கீழே. ஒரு மத்திய அமைச்சர் கடுப்பாகி, குயின்ஸ்லாந்துக்காரர்கள் வேறு பாங்க் பார்த்துக்கொள்ளட்டும் என்றே பேசினார். அந்த பாங்குகள் தாமாக மனம் மாறவில்லை. கணக்கு வைத்திருந்தவர்கள் கிளைக்குப் போய், என் பணம் அங்கே போகிறதா என்று கேட்டார்கள், பதில் வராதபோது கணக்கை மூடினார்கள். அதே வருடம் டிசம்பரில் குயின்ஸ்லாந்து முதல்வர், வடபகுதி வளர்ச்சி நிதியிலிருந்து ரயில் பாதைக்குப் போகவிருந்த அரசுக் கடனையும் வீட்டோ பண்ணினார். 2018 நவம்பரில் கம்பெனி, வெளிக்கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் தோண்டுகிறோம் என்று அறிவித்தது. 1 கோடி டன், 200 கிலோமீட்டர் பாதை, 200 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

எனக்கு இது வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. 2021 கடைசியில் முதல் கரி துறைமுகத்துக்கு வந்துவிட்டது, வருடத்துக்கு 1 கோடி டன் என்றால் 2 கோடி டன் வாயு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாங்கன், ஜகலிங்கோ மக்களில் எதிர்த்து நின்ற ஏட்ரியன் பரகப்பா என்பவர் வழக்குச் செலவைக் கட்ட முடியாமல் 2019ல் திவால் ஆக்கப்பட்டார். அவர்களுக்குப் புனிதமான டூங்மபுல்லா ஊற்று சுரங்கத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நிலத்தடி நீர் இறங்கினால் அது வற்றிவிடும் என்பது அவர்களுடைய பயம். தாமிரபரணி கடைமடைக்காரனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நிக்கல் ஆலையில் வேலை பார்த்தவர், 2016ல் ஆலை மூடியதும் வேலை போனது. சுரங்கம் வந்தால் பிழைக்கலாம் என்று நம்பியவர். 2019 தேர்தல் சமயத்தில் தெற்கேயிருந்து கார் ஊர்வலமாக வந்து சுரங்கம் கூடாது என்றவர்கள் மேல் அவருக்கு இன்னும் கோபம். "எனக்கு என்ன வேலை தருவாய் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை" என்றார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. பத்தாயிரம் வேலை என்று விளம்பரம் செய்தார்கள், கோர்ட்டில் கம்பெனியின் சொந்த நிபுணரே வருடத்துக்குச் சராசரி 1,464 என்றுதான் சாட்சி சொன்னார். இரண்டு பக்கமும் அந்த மனுஷனைத்தான் கைவிட்டது.

இனி உன் கேள்வி. லைட் எரிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரி யாருக்கு லைட் எரிக்க என்று பார். ஒரு பங்கு ஜார்க்கண்டில் கோடா அனல்மின் நிலையத்துக்கு என்று திட்டம். குயின்ஸ்லாந்திலிருந்து கப்பலில் ஒடிசாவின் தாம்ரா துறைமுகம், அங்கிருந்து ரயிலில் கோடா, அங்கே எரித்து மின்சாரம் கம்பி வழியாக வங்கதேசம். ஜார்க்கண்டே நிலக்கரி பூமி, அங்கே கடல் கடந்து கரி! இதற்கிடையில் 2017 மே மாதமே ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போயிருந்தது. ராத்திரிக்கு என்ன செய்வது என்பாய், தெர்மல் நாளைக்கே நின்றுவிட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஓடுகிற நிலையம் வேறு, இன்னும் முப்பது நாற்பது வருடம் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும் என்று புதிதாகத் தோண்டுவது வேறு. பின்னதற்கு லோன் கொடுக்கிற பாங்க், முப்பது வருடப் புகைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறது.

எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது, உன்னை மாதிரி ஆள்தான் எனக்குத் தெளிவாக்க முடியும். சுரங்கம் என்று பேர் போட்டுக் கேட்டால் பாங்குகள் இல்லை என்கின்றன. அதே குழுமத்தின் தாய்க் கம்பெனி பொதுவான தேவைக்கு என்று கடன் கேட்டால், பத்திரம் வெளியிட்டால், பல பாங்குகளின் விதி அங்கே பேசுவதில்லை. பணம் உள்ளே போன பிறகு எந்தப் பைக்குப் போகிறது என்று யார் பார்ப்பது? 2020ல் ஸ்டேட் பாங்க் மறுபடியும் கடன் தரப்போகிறது என்று செய்தி வந்தபோது, சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இந்தியா ஆஸ்திரேலியா மேட்சின் நடுவே இரண்டு பேர் பதாகையோடு ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறதா? நீயும் டிவியில் பார்த்திருப்பாய். அதே வாரத்தில் பிரெஞ்சு முதலீட்டு நிறுவனமான அமுண்டி, கடன் கொடுத்தால் உங்கள் பசுமைப் பத்திரங்களை, அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கென்று பணம் திரட்ட வெளியிட்ட பத்திரங்களை, விற்றுவிடுவோம் என்று ஸ்டேட் பாங்கிடம் சொன்னது. பசுமைப் பத்திரம் விற்றவர் கரிக்கும் கடன் கொடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. வெளிநாட்டுக்காரன் கேட்ட அந்தக் கேள்வியை டெபாசிட் வைத்திருக்கிற நாம் கேட்டோமா?

நீ ரிட்டயர் ஆனபோது உன் பாங்க் பங்கு கொஞ்சம் கையில் வைத்திருப்பதாகச் சொன்னாயே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது. இரண்டு கேள்வி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். நிலக்கரிக் கம்பெனிகளுக்குத் திட்டக் கடனாக எவ்வளவு, கம்பெனிக் கடனாக எவ்வளவு என்பது ஒன்று. பருவநிலை ஆபத்தைக் கணக்கில் காட்டச் சொல்லி ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வரைவு வெளியிட்டதே, அதற்கு உங்கள் தயாரிப்பு என்ன என்பது இன்னொன்று. பாங்க் பாஷையில் எழுத எனக்கு வராது, நீ திருத்திக் கொடு. வள்ளத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தவன் நீ.

அடுத்த மாதம் 18ஆம் தேதி கிளம்புகிறோம். மெட்ராஸில் இரண்டு நாள், பிறகு முத்துநகர் எக்ஸ்பிரஸ். தங்கச்சிக்கு இங்கே விற்கிற யூகலிப்டஸ் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். வந்த மறுநாள் காலையில் ரோச் பூங்காப் பக்கம் நடக்கப் போவோம், முழங்கால் இடம் கொடுத்தால்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்