ஆறு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை உங்களுடையது, அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். மாரி தொடங்கினால் முதல் பக்கத்தில் வெள்ளச் செய்தி வருகிறது. எந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பம் பாதிப்பு, எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், யார் வந்து பார்வையிட்டார்கள், எல்லாம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே பெய்த மழை, எந்த வழியாக வந்தது, இனி எந்த ஊருக்குப் போகப்போகிறது என்பது மட்டும் இல்லை. ஆற்றங்கரையில் இருக்கிற எங்களுக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

நான் மன்னார் மாவட்டத்தில் நானாட்டான் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி மாரிகாலப் பெரும்போக நெல் விதைக்கிற கமக்காரன். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் அருவியாற்றிலிருந்து வருகிறது. தேக்கம் அணைக்கட்டில் ஆற்றை மறித்து ஒரு பக்கம் கட்டுக்கரைக்கும் இன்னொரு பக்கம் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் திருப்பிவிடுகிறார்கள், மிச்சம் அரிப்புப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. மன்னார் பிள்ளைகளிடம் அருவியாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், மடுக் காட்டுக்குள் என்று சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம். அது தொடங்குவது தம்புள்ளைக்குக் கிட்ட, இனாமலுவ, ரிட்டிகலப் பக்கத்துக் குன்றுகளில். அங்கிருந்து வடக்கே வந்து நாச்சதூவக் குளத்தை நிரப்பி, அனுராதபுரம் நகரத்தை ஒட்டி ஓடி, தந்திரிமலையைக் கடந்து, வில்பத்துக் காட்டுக்கு வடக்காக எங்கள் மாவட்டத்துக்குள் நுழைகிறது. மொத்தம் 164 கிலோமீற்றர், மகாவலிக்கு அடுத்தபடி இலங்கைத் தீவிலேயே நீளமான ஆறு. சிங்களத்தில் இதற்கு மல்வத்து ஓயா என்று பெயர். வானொலிச் செய்தியில் மல்வத்து ஓயா பெருக்கெடுக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அது யாருடைய ஆறோ என்று இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இங்கே வெள்ளம் வருகிற விதம் வெளியூர்க்காரருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். மன்னாரில் மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் உடுப்புக் காயப்போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தேக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் ஆறு செங்கலங்கலாக, நுரை தள்ளிக்கொண்டு, மருதங்கொப்புகளையும் யாரோ ஒருவருடைய வயலின் வைக்கோலையும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும், கரையில் நட்ட கம்பு கண் முன்னாலேயே அமிழும். அது எங்கள் மழை இல்லை, அனுராதபுரத்து மழை. குஞ்சுக்குளத்துச் சனத்துக்கு இது நன்றாகத் தெரியும், ஆறு ஏறினால் வெளியூரோடு தொடர்பு அறுந்துபோகிற ஊர் அது. ஆனால் பத்திரிகையைப் புரட்டினால் அனுராதபுரச் செய்தி ஒரு பக்கத்தில், மன்னார்ச் செய்தி இன்னொரு பக்கத்தில். இரண்டும் ஒரே தண்ணீர் என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது.

இத்தனைக்கும் தகவல் இல்லாமல் இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில் ஒவ்வொரு ஆற்றுக்கும் நீர்மட்ட அறிக்கை விடுகிறது. எந்த இடத்தில் இப்போது எத்தனை மீற்றர், எச்சரிக்கை மட்டம் எது, சிறு வெள்ளம் எது, பெரு வெள்ளம் எது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஆற்றுக்கு மட்டம் பார்க்கிற இடம் தந்திரிமலை. அங்கே ஏறுகிறது என்றால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று அர்த்தம். வோட்டர் பம்பைக் கழற்றிக்கொண்டு வரலாம், விதைநெல்லையும் பசளையையும் மேட்டுக்கு ஏற்றலாம், மாடுகளை அவிழ்த்து மேய்ச்சல் தரையிலிருந்து கொண்டு வரலாம், வயதானவர்களை முதல் உழவு இயந்திரத்திலேயே அனுப்பலாம். அந்த அறிக்கையைக் கைபேசியில் தேடிப் படிக்கிற ஆட்கள் ஊரில் சிலபேர்தான். பத்திரிகையும் அதன் இணையப்பக்கமும் எல்லா வீட்டுக்கும் போகிறது.

மன்னாரைப் பற்றி மட்டும் எழுதுவது சரியில்லை. முழுத் தீவுக்கும் இதே கதைதான். நடுவில் மலை, சுற்றிக் கடல், ஆறுகள் எல்லாப் பக்கமும் வெளிநோக்கி இறங்குகின்றன. 103 ஆற்று வடிநிலங்கள் என்று கணக்கு. மலைநாட்டு ஹோட்டன் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள், மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைத்தண்ணீர் அந்த ஒரே இடத்துப் பனியும் மழையும்தான். அப்புறம் ஒன்று கிழக்கே திருகோணமலைக்கு, ஒன்று மேற்கே கொழும்புக்கு, ஒன்று தெற்கே அம்பலாந்தோட்டைக்கு. ஒரே புல்வெளியில் பக்கத்தில் பக்கத்தில் விழுகிற மழை தீவின் மூன்று பக்கத்துக் கடலுக்குப் போகிறது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக வருகிறது, பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

மகாவலியின் பாதையை ஒருமுறை விரலால் வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தால் நான் சொல்வது விளங்கும். என் மனைவியின் அக்கா குடும்பம் அக்கரப்பத்தனையில் தோட்டத்தில் இருக்கிறது. அவர்கள் இருக்கிற லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஓடுகிற ஆறு, பீலியில் அவர்கள் பிடிக்கிற தண்ணீர் போய்ச் சேருகிற ஆறு, தலவாக்கலை வழியாகக் கொத்மலைக்கு இறங்கி மகாவலியில் கலக்கிறது. மகாவலி கம்பளை, பேராதனை, கண்டி என்று வடக்கே போய், கண்டியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகளைக் கடந்து, மினிப்பேக்குப் பிறகு மறுபடி வடக்கே முகம் வைத்து, மன்னம்பிட்டியைத் தாண்டி, கடைசியில் கிளை பிரிந்து ஒன்று வெருகல் ஆறாகவும் மற்றது மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவிலும் கடலைத் தொடுகிறது. 335 கிலோமீற்றர். இந்தத் தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் மழை இந்த ஒரு ஆற்றுக்குள் வடிகிறது. தோட்டத்துச் சனம் தலையில், மூதூர், வெருகல் சனம் காலில், நடுவில் கண்டியும் பொலன்னறுவையும். இரண்டு முனையிலும் தமிழ் பேசுகிற ஆட்கள், உங்கள் வாசகர்கள். ஆனால் ஒரு முனைக்கு மற்ற முனையில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நடந்ததை யோசித்துப் பாருங்கள். மலைநாட்டில் மண் சரிந்து ஊர்களை மூடியது, கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நேரம் எல்லாருடைய கண்ணும் கண்டியில்தான், அதில் தப்புச் சொல்ல முடியாது, அவ்வளவு உயிர்கள் போயின. ஆனால் அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கப்போவதில்லையே. அது மன்னம்பிட்டிக்கு வந்தது, பிறகு வெருகலுக்கும் மூதூருக்கும் வந்தது, மாவிலாற்றில் அணைக்கட்டு உடைப்பெடுத்தது. பேராதனை மூழ்கிய அன்றைக்கே 'இந்த வெள்ளம் அடுத்து வெருகலுக்கும் மூதூருக்கும் வரும், கரையோரத்து ஆட்கள் ஆயத்தமாகுங்கள்' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருக்க வேண்டும். எங்கள் அருவியாறும் அதே நாட்களில்தான் பெருகியது. கலா ஓயாப் பாலத்தில் பயணிகள் பஸ் ஒன்று வெள்ளத்தில் மாட்டி, கடற்படையினர் போய் ஆட்களை மீட்டதை நாடே பார்த்தது. அந்தப் பாலத்துக்கு மேலே கலாவெவ, ராஜாங்கனை என்ற பெரிய குளங்கள் இருக்கின்றன, ராஜாங்கனையில் மிச்சத் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவுகள் திறந்தால் எந்தப் பாலத்துக்குத் தண்ணீர் ஏறும் என்பது பஸ்ஸில் ஏறுகிறவருக்கும் பஸ் ஓட்டுகிறவருக்கும் தெரியவேண்டாமா?

ஆற்றின் இயற்கைப் பாதை மட்டும் தெரிந்தாலும் இன்றைக்குப் போதாது, மனிதன் வெட்டிய பாதையும் தெரியவேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் 1976 இல் ஒரு அணை கட்டி, மகாவலித் தண்ணீரில் ஒரு பங்கைச் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்கு அனுப்பினார்கள். அங்கே மின்சாரம் எடுத்துவிட்டு அது அம்பன் கங்கைப் பக்கம் போய், பௌவதென்னையில் இன்னொரு சுரங்கம் வழியாகக் கலாவெவவுக்குப் போகிறது. கலாவெவவிலிருந்து ஜய கங்கை என்கிற பழைய கால்வாய், 87 கிலோமீற்றர் நீளம், தொடக்கத்தில் மைலுக்கு ஆறு அங்குலச் சரிவுதான், 1,500 வருடத்துக்கு முன்னால் வெட்டியது. அது அனுராதபுரத்துத் திசாவெவ என்கிற குளத்துக்குத் தண்ணீர் கொண்டு போகிறது. திசாவெவ எந்த ஆற்றின் வடிநிலத்தில் இருக்கிறது? எங்கள் அருவியாற்றின் வடிநிலத்தில். அக்கரப்பத்தனையில் பெய்த மழை மூதூர்க் கடலுக்கும் போகலாம், அனுராதபுரத்து வயலில் பாய்ந்து வடிந்து எங்கள் பக்கத்துக்கும் வரலாம். இதை முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போதும் அக்கா தொலைபேசியில் 'மழை விடுதே இல்லை' என்று சொன்னால் நான் எங்கள் வாய்க்காலைத்தான் நினைப்பேன்.

மற்ற ஆறுகளையும் சொல்லவேண்டும். களனிக்கு நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தலை, காசல்ரீயும் மவுசாக்கலையும் அதன் மேல் நீர்த்தேக்கங்கள். கித்துல்கலை, அவிசாவளை, ஹங்வெல்லை என்று இறங்கிக் கொழும்பில் மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாள்கணக்கில் மூழ்கியிருந்தது இந்த ஆற்றால்தான், அங்கே இருக்கிறவர்கள் கித்துல்கலை மட்டத்தையும் ஹங்வெல்லை மட்டத்தையும் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். களுகங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்து மழையை வாங்கி இரத்தினபுரியை மூழ்கடித்துவிட்டுக் களுத்துறைக்குப் போகிறது. கிழக்கில் பட்டிப்பளை ஆறு, அதாவது கல் ஓயா, அதற்கு இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம்.

கிளிநொச்சி ஆட்கள் இதைப் படித்தால் 2018 டிசம்பரை நினைப்பார்கள். கனகராயன் ஆறு வவுனியா வடக்கிலிருந்து வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்பி ஆனையிறவுக் கடலேரியில் சேருகிறது, அந்த டிசம்பரில் ஒரே இரவில் மேலே கொட்டிய மழை குளத்துக்கு வந்து, வான்கதவுகள் திறந்து, கீழே ஊர்கள் நீருக்குள் போயின. குளத்து மட்டம் எத்தனை அடி என்று எல்லாருக்கும் மனப்பாடம். கனகராயன்குளத்தில் அன்றிரவு எவ்வளவு மழை என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? யாழ்ப்பாணத்து உறவினர்கள் 'எங்களுக்கு ஆறே இல்லை, நீ எழுதுவது எங்களுக்கு என்னத்துக்கு' என்பார்கள். மாரியில் அராலிப் பக்கம் கடலேரிக்கு ஓடுகிற வழுக்கையாறு அவர்களுடையதுதான், அதன் பள்ளத்தில் வீடு கட்டியவர்களுக்கு நான் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியும்.

சரி, நான் கேட்பது என்னவென்றால், ஐப்பசி முதல் தை வரைக்கும் நாளாந்தம் ஒரு அரைப் பக்கம், அது முடியாவிட்டால் கால் பக்கம். அதில் மாவட்டங்கள் அல்லாமல் ஆறுகள் தலைப்பாக வரட்டும். அருவியாறு என்று போட்டு, மேலே எங்கே எவ்வளவு மழை, நாச்சதூவ வான் பாய்கிறதா, தந்திரிமலையில் மட்டம் எத்தனை, கீழே எந்தக் கிராம சேவையாளர் பிரிவுகள் கவனமாக இருக்கவேண்டும் என்று நாலு வரி. மகாவலிக்குப் பேராதனையும் மன்னம்பிட்டியும். களனிக்கு நோர்வூட்டும் ஹங்வெல்லையும். எந்த ஆற்றுக்கும் தலைப்பக்கத்து நிருபரும் கடைப்பக்கத்து நிருபரும் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும், அட்டன் நிருபரிடம் மூதூர் நிருபரின் இலக்கம் இருக்கிறதா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன்னால், ஆறுகள் எல்லாம் பெயரோடு போட்ட ஒரு முழுப்பக்க வரைபடம் கொடுத்தால் எங்கள் கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில் சுவரில் ஒட்டி வைப்போம், பாடசாலைகளும் ஒட்டும். அதில் அணைகளையும் பெரிய குளங்களையும் சுரங்கங்களையும் கால்வாய்களையும் காட்டவேண்டும், இல்லாவிட்டால் அது பழைய பாடப்புத்தகப் படம்தான்.

இதற்குப் பெரிய செலவு இருக்காது என்று நினைக்கிறேன். திணைக்களத்து அறிக்கை ஒரு நாளிலேயே பலமுறை மாறும், காலையில் அச்சான இலக்கம் மதியத்துக்குப் பழசாகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். அது சரிதான், அதனால் இலக்கங்களை இணையப்பக்கத்தில் உடனுக்குடன் போடுங்கள், அச்சில் பாதையைப் போடுங்கள். எந்த ஊர்த் தண்ணீர் தன் ஊருக்கு வரும் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பிறகு வானொலியில் அனுராதபுரத்தில் கனமழை என்று கேட்டாலே நானாட்டானில் ஒருவர் எழும்பி மாட்டை அவிழ்ப்பார்.

தேக்கத்து மட்டத்தை மழைக்காலத்தில் காலையும் மாலையும் பார்த்து அனுப்ப எங்கள் ஊர் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், உங்கள் மன்னார் நிருபரிடம் சொல்லி எங்கள் கமக்காரர் அமைப்போடு பேசச் சொல்லுங்கள். வருகிற ஐப்பசிக்கு முன்னால் தொடங்கினால் இந்தப் பெரும்போகத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
கட்டுக்கரைக் குளத்துக் கமக்காரர் ஒருவர்,
நானாட்டான், மன்னார்.