கார்டை அப்படியே வை

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்துச் சந்தோஷப்படுவதற்குள், அந்தப் படங்கள் இருக்கும் கேமராவின் மெமரி கார்டு திறக்கவில்லை என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட்டாய். இரவெல்லாம் அதே நினைப்புதான்.

முதல் வேலையாகக் கார்டைக் கேமராவிலிருந்து எடு. அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை லாக் பக்கம் தள்ளித் தனியாக வை. கம்ப்யூட்டர் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். 'சரிசெய்யட்டுமா' என்று கேட்டாலும் வேண்டாம்.

கார்டில் படங்கள் ஒரு பக்கம் இருக்கின்றன. எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை வேறொரு பக்கம். பெரும்பாலும் பழுதாவது அட்டவணைதான், படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். தவறுதலாக அழித்தாலும் அப்படித்தான். அந்த இடம் காலி என்று குறித்துவைப்பதோடு சரி, புதிதாக ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை படம் போகாது. அதனால்தான் 'கார்டு வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஒரு படம்கூட எடுக்காதே.

நான் எடுத்தேன். மூன்று வருடம் முன்பு, கேமரா கார்டில் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே கார்டை உருவிவிட்டேன். பதற்றத்தில் திரும்பப் போட்டு இருபது படம் எடுத்துப் பார்த்தேன். பிறகு மீட்டதில் அக்காவின் படம் ஒன்று பாதிதான் வந்தது. நெற்றியும் கண்ணும் தெளிவாக இருக்கின்றன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. அவள் அன்று வாய்விட்டுச் சிரித்தாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பின்மேல் நான் சுவரைப் படமெடுத்து எழுதிவிட்டேன். கார்டு செய்த சேதத்தைவிட என் கை செய்தது அதிகம்.

மீட்பதற்கு ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது அட்டவணையையே பார்ப்பதில்லை. கேமராக்கள் வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 என்ற குறியீட்டில்தான் தொடங்கும், அதுபோன்ற அடையாளங்களைக் கார்டு முழுக்கத் தேடிப் படங்களை எடுத்துக்கொடுக்கும். பழைய பெயர்கள் போய்விடும். ஆனால் படம் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும், அதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். மீட்டதைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் கூடாது. படிக்கும்போது கார்டு திக்கித் திணறினால் நிறுத்திவிடு. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளால் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலில் தேடலாம். நீ ரா ஃபைலிலும், அதாவது கேமராவின் மூலப் பதிவாகவும் எடுப்பவன். அதற்குள் பொதுவாக ஒரு ஜேபெக் முன்னோட்டமும் இருக்கும். முழுப்படம் வராவிட்டாலும் அது கிடைக்க வாய்ப்புண்டு.

இனிமேலுக்கு: விளக்கு அணைந்த பிறகே கார்டை எடு. பேட்டரி சாகும் நிலையில் இழுத்துப் பிடித்துப் படம் எடுக்காதே, பாதி எழுதும்போது நின்றால் அட்டவணை குழம்பும். இரண்டு இடத்தில் நகல் வைத்த பிறகு, கேமராவிலேயே ஃபார்மேட் செய். புதுக் கார்டு வாங்கினால் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்துச் சோதித்துவிடு. 128 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் உலவுகின்றன. இடம் தீர்ந்ததும் படங்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. நீ ஃபோட்டோரெக்கை ஓட்டும் அன்று போன் செய். கடைசிப் படம் வரும்வரை லைனில் இருக்கிறேன். பேத்தி நடந்த படம் கிடைத்ததும் முதலில் எனக்கு அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்