முகத்தைப் பார்த்து வகுப்பு ஒதுக்காதீர்கள்

மாண்டரின் (பொதுச் சீன மொழி) மாலை வகுப்பு நடத்தும் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நடந்ததை ஆசிரியை சொல்லியிருப்பார். பாதியில் எழுந்து வந்தது தவறுதான், மன்னியுங்கள். ஆனால் ‘சீன முகம், சீனம் தெரியாதா?’ என்று அத்தனை பேர் முன்னால் கேட்டால் அறுபது தாண்டிய நான் என்ன செய்வேன்?

பினாங்கில் என் கதை புதிதல்ல. நான் பிறந்த 1962 சீனர் கணக்கில் புலி ஆண்டு. புலி ஆண்டுப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பினார்கள். வறுமையும் சேர்ந்துகொண்டது, என்னைப் பெற்ற சீனக் குடும்பம் என்னைக் கொடுத்துவிட்டது. என்னை வளர்த்தது தமிழ் அம்மா. தமிழ்ப்பள்ளியில் படித்தேன், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். பெற்றவள் பேசியதும் மாண்டரின் இல்லை, ஹொக்கியன் என்ற வேறொரு சீன மொழி.

பதிவு செய்த அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், வீட்டில் சீனம் பேசி வளர்ந்தவர்களோடு உட்கார வைத்தார்கள். தொடக்க வகுப்புக்கு மாற்றச் சொன்னால், ‘அது சீனர் அல்லாதவர்களுக்கு’ என்கிறீர்கள்.

மாண்டரினில் அப்பாவுக்கும் ‘பா’, பயப்படுவதற்கும் ‘பா’. தொனியும் ஒன்றே. இரண்டாவதைச் சொல்லும்போது வாயிலிருந்து காற்று வேகமாக வர வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, என் காதும் அப்படியே பழகிவிட்டது. மூன்று வாரம் ‘தப்பு, மறுபடி’ என்று மட்டுமே கேட்டேன். என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காற்று விஷயத்தையே பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் உங்கள் தொடக்க வகுப்பு மாணவி. அங்கே வாய்க்கு முன்னால் தாளைப் பிடிக்கச் சொல்கிறார்களாம், இரண்டாவது ‘பா’வுக்குத் தாள் ஆடுமாம். அன்றிரவு நானும் பிடித்துப் பார்த்தேன். ஆடியது. அழுதுவிட்டேன்.

சந்தையிலும் கிளினிக்கிலும் இதே கதைதான். மலாயில் பதில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். வேறு இனத்தவர் ‘நீ ஹாவ்’ என்று மாண்டரினில் வணக்கம் சொன்னால் போதும், பாராட்டு. எனக்குப் பாராட்டு வேண்டாம், ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

என்னைக் கொடுத்தபோது கூடவே ஒரு சிவப்புத் தாளையும் கொடுத்தார்களாம், நான் பிறந்த நேரம் எழுதியது. யாரிடமும் நீட்டாமல் அதை நானே படிக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். தயவுசெய்து என்னைத் தொடக்க வகுப்புக்கு மாற்றுங்கள். இனி வருபவர்களிடம் முகத்தைப் பார்க்காமல், எவ்வளவு தெரியும் என்று கேட்டு வகுப்பு கொடுங்கள். அடுத்த செவ்வாய்க்குள் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். கட்டணம் ஏற்கெனவே கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி