மீசையை எடுத்துவிட்டேன்

அன்புள்ள சுந்தரம்,

முதலில் செய்தி: மீசையை எடுத்துவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நாற்பது வருடமாக நீ கேலி செய்தும் அசைக்க முடியாததை, என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் ஒரு பெண் ஒரே வாக்கியத்தில் சாதித்துவிட்டாள். அந்தக் கதையை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் பாதியில் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எட்டு மாதமாக எழுதாததற்கு மன்னிப்பு. உன் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று துரை சொன்னான். நான் அழைத்திருக்க வேண்டும், அழைக்கவில்லை. திட்டிக்கொள். மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாயா என்று எழுது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்துவதாக இல்லை.

கல்லூரியில் என் தலையில் ஒரு குழுவைக் கட்டியிருக்கிறார்கள். மாணவர் சமநீதி, அனைவரையும் உள்ளடக்குதல், உரிமையுணர்வுக் குழு. கதவுப் பலகையில் மூன்று வரி ஓடுகிறது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறவனிடம் கொடுத்தால் சத்தம் வராது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் என் கணக்கும் அதுதான். வருடத்துக்கு நான்கு கூட்டம், ஒரு சொற்பொழிவு, நான்கு சுவரொட்டி. முதல் கூட்டத்தில் உரிமையுணர்வு என்றால் என்ன என்று விளக்கினேன்: "ஒவ்வொரு மாணவரும் இங்கே வீட்டில் இருப்பதுபோல் இருக்க வேண்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர் மட்டும், "யாருடைய வீட்டில், சார்?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். அந்தக் கேள்வி இன்னும் என் மேசைமேல்தான் கிடக்கிறது.

பிறகு அந்தப் பெண் வந்தாள். மருத்துவம் மூன்றாம் ஆண்டு. இரண்டு காதிலும் கருவி. பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். ஒரு பக்க மனு, நல்ல கையெழுத்து. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்ல முடியுமா? ஒலியைப் பெருக்கிக் காதுக்கருவிக்கே அனுப்பும் மின்னணு ஸ்டெதாஸ்கோப்பை வார்டில் பயன்படுத்தலாமா? (சாதாரண ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகளைச் செருக வேண்டுமானால் அவள் தன் கருவியைக் கழற்ற வேண்டும். அது எனக்குத் தோன்றியதே இல்லை.) அறுவை அரங்கில் சிலராவது உதடு தெரியும் முகக்கவசம் அணிய முடியுமா? இவ்வளவுதான் மனு. எழுந்து கதவு வரை போனவள் திரும்பி நின்று, "உங்கள் வகுப்பு மட்டும் எனக்குப் பாதிதான் புரிகிறது, சார். மேலுதடு தெரிவதில்லை" என்றாள்.

அன்று இரவே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். வீட்டில் என்ன நடந்தது என்பது தனிக் கடிதம்.

மீசை சின்ன விஷயம். மூன்று வருடமாக அடுத்தவளின் குறிப்பேட்டை இரவல் வாங்கித்தான் படித்திருக்கிறாள். ஏன் முன்பே கேட்கவில்லை என்றேன். "ஒன்று கேட்டால், நான் இங்கே இருக்கலாமா என்ற கேள்வி வந்துவிடும் சார்" என்றாள். சுந்தரம், நாம் எதைத்தான் குறை சொல்லாமல் விட்டோம்? விடுதித் தண்ணீர், தேர்வுத் தேதி, உடற்கூறு அறையின் நாற்றம், விடுதிக் காப்பாளரின் செருப்புச் சத்தம். மனு மேல் மனு எழுதினோம். நம்மை யாரும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தானே அந்த வாய்? தன் இடம் என்று நினைக்கிறவன்தான் குறை சொல்வான். கடந்த ஐந்து வருடங்களின் புகார்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவளைப் போன்றவர்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை. அதைக் காட்டித்தான் எங்கள் கல்லூரியில் பிரச்சினையே இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதிவந்திருக்கிறோம்!

நம்மோடு படித்த சிங்கம் இங்கே பொது மருத்துவத் துறைத் தலைவன் என்பது உனக்குத் தெரியும். பிடரி கொட்டிவிட்டது, கர்ஜனை மிச்சம் இருக்கிறது. மனுவைப் படித்துவிட்டு, "காது கேட்காதவள் எப்படி டாக்டராவாள்? தரம் என்று ஒன்று இருக்கிறதே" என்றான். விதிப் புத்தகத்தை விரித்துக் காட்டினான். இந்த மாதிரி விதிகளின் வம்சத்தைத் தேடிப் போனேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 1979இல் மாணவருக்கு இருக்க வேண்டிய திறன்கள் என்று ஐந்து வகை வகுத்தது: கவனித்தல், தொடர்புகொள்ளுதல், உடலியக்கம், சிந்தனை, நடத்தை. அதைப் பல இடங்களில் கண் இருக்க வேண்டும், காது இருக்க வேண்டும் என்று உறுப்புக் கணக்காகவே படித்துவிட்டார்கள். நோயாளிக்கு வேண்டியது டாக்டரின் காதா, காது கொண்டுவரும் தகவலா? தகவல் வேறு வழியாக வந்தால் ஆகாதா? இதைத்தான் சிங்கத்திடம் கேட்டேன். "வக்கீல் தொழிலுக்குப் போயிருக்கலாம் நீ" என்றான்.

ஸ்டெதாஸ்கோப்பே எப்படி வந்தது? 1816இல் பாரிஸில் ரெனே லேனெக்கிடம் இதயநோய் உள்ள ஓர் இளம்பெண் வந்தாள். மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பதற்குக் கூச்சம். பருத்த உடல் என்பதால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஆக, வெறும் காது போதவில்லை என்பதால் பிறந்த கருவி அது. இருநூறு வருடமாக அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற நாம், இன்னொருத்தி இன்னொரு கருவி வேண்டும் என்றால் தரம் போய்விட்டது என்கிறோம்.

குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக்கின் பெயரை வாய்மொழித் தேர்வுக்காக நாம் உருப்போட்டோமே, நினைவிருக்கிறதா? பிளேலாக்–டாசிக் இணைப்பு, அதாவது நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் நீலம் பாரிக்கும் நீலக் குழந்தைகளுக்கு, அங்கே ரத்தம் போகப் புதிய வழி போடும் அறுவை. தேர்வுக்கு மேல் எதுவும் நமக்குத் தெரியாது. இரண்டு வாரமாக அந்தக் கதைதான் எனக்குப் பைத்தியம். அவருக்குக் காது கேளாது, சுந்தரம்! இளம் வயதிலேயே கேட்கும் திறன் குறையத் தொடங்கி, உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டவர். ஒலிபெருக்கும் ஸ்டெதாஸ்கோப்பையும் பயன்படுத்தினார், விரல்களைக் குழந்தையின் மார்பில் வைத்து இதயத்தை வாசிக்கவும் பழகினார். ஹார்வர்டில் வகுப்பில் உட்காரலாம், பட்டம் கிடையாது என்றார்கள், பெண் என்பதால். அதுவும் ஆண்களுக்கு எட்டத்தில் உட்கார வேண்டும். (அந்த மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்தது 1945இல்தான்.) ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1927இல் பட்டம் வாங்கினார். நீலம் பாரித்த குழந்தைகளில் சில, தமனி நாளம் (இதயத்தருகே, பிறந்த பிறகு தானாக மூடிக்கொள்ளும் ரத்தக்குழாய்) மூடியதும் மோசமாவதைக் கவனித்தார். மூடுவதால் மோசமாகிறதென்றால் புதிதாக ஒன்றைக் கட்டினால் என்ன என்று கேட்டார்.

கட்டிக்காட்டியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், பள்ளிப் படிப்போடு நின்றவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் வங்கி மூழ்கியபோது போய்விட்டது. அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வகத்தில் நாய்களிடம் அந்த அறுவையைச் செய்து செய்து முறையாக்கியவர் அவர்தான். ஆரம்ப நாட்களில் சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நின்று ஊசி போகும் திசையைச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் பிளேலாக் உண்டு, டாசிக் உண்டு, தாமஸின் பெயர் இல்லை. 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இப்போது அந்த இணைப்புக்குப் பிளேலாக்–தாமஸ்–டாசிக் என்று பலர் பெயர் சொல்கிறார்கள். இந்த மூவரில் சேர்க்கை விதிகளில் தடையின்றி நுழைந்திருக்கக் கூடியவர் பிளேலாக் ஒருவர்தான். சிங்கத்திடம் இதை மூச்சுவிடாமல் சொன்னேன். "எல்லாரும் டாசிக் ஆக முடியுமா?" என்றான். அந்த இடத்தில் அவன் சொன்னது சரிதான் என்று பிறகு தோன்றியது. காது கேட்கிறவன் சுமாராக இருந்தால் போதும், இவள் மட்டும் மேதையாக இருந்தால்தான் இடம் என்றால் அது என்ன நியாயம்? நானே அந்தக் கதையை அவள் தலையில் சுமையாக ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

சிங்கத்தின் எல்லாக் கேள்வியும் வீம்பு இல்லை. இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றிப் பத்துப் பேர் கத்தும்போது என்ன செய்வாள் என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன். "உத்தரவை வாங்கினவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே சார் பாடம் நடத்தினீர்கள்? எல்லாரும் அதைச் செய்தால் எனக்குப் போதும்" என்றாள். நடத்தினேன். நான் செய்ததில்லை. முகக்கவசம்தான் இன்னும் முடிவாகவில்லை. வாங்கிய முதல் கட்டு பத்து நிமிடத்தில் ஆவி படிந்து மங்கிவிடுகிறது என்று அரங்குச் செவிலியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு வகை தேடுகிறோம்.

இனி நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வார்டில் சிங்கம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தான். நானும் போயிருந்தேன். இதயம் பலவீனமான நோயாளி. லப்-டப்புக்குப் பின் மெல்லியதாக வரும் மூன்றாம் இதய ஒலி கேட்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னான். எட்டுப் பேர். முதல் ஏழு பேரும் முகத்தைச் சுருக்கி, கண்ணை மூடி, "கேட்கிறது, சார்" என்றார்கள். கடைசியாக அவள். மின்னணு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள், நிதானமாகக் கேட்டாள், திரையில் ஓடிய கோட்டையும் பார்த்தாள். "எனக்குக் கேட்கவில்லை சார். திரையிலும் தெரியவில்லை." சிங்கம் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை உனக்குத் தெரியும். "நீயே கேள்" என்றான்.

குனிந்து ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டேன். லப், டப். லப், டப். வேறொன்றும் இல்லை. நோயாளியை இடப்பக்கம் திரும்பச் சொல்லி மறுபடியும் கேட்டேன். ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து, "ம்" என்றேன்.

தமிழில் அந்த ஓர் எழுத்துக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். சிங்கம் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டான். அந்த ஏழு பேரும் நிம்மதியாகப் பின்னால் போனார்கள். அவள் மட்டும் நின்று என் வாயைப் பார்த்தாள். மீசை இல்லாத வாய். மூடிய உதடு. அவளால் படிக்க முடிகிற எழுத்துதான் அது.

ஒலி இருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. சிங்கத்தின் காது நல்ல காது, இருந்திருக்கலாம். எங்கள் எட்டுப் பேரில் (என்னையும் அந்த ஏழு பேரோடு சேர்த்துக்கொள்) எத்தனை பேர் உண்மையில் கேட்டோம்? நீ காதுமுனைகளைக் கழுத்திலேயே விட்டுவிட்டு, "நன்றாகக் கேட்கிறது, ஐயா" என்று சொல்லித் தேறினாயே, அதை வைத்து இத்தனை வருடம் சிரித்தோம். அன்று இரவு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை குழுக் கூட்டம். அவளுக்கு உள்மதிப்பீட்டில் சிங்கம் போட்ட குறிப்பும் அங்கே வரும்: "அடிப்படைத் திறன் போதவில்லை." எனக்கும் கேட்கவில்லை என்று அங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன் சிங்கத்திடம் தனியாகச் சொல்லிவிடலாமா, கூட்டத்திலேயே சொல்லலாமா? நீ அவனோடு ஒரே அறையில் இருந்தவன். எது நல்லது என்று உடனே எழுது.

நம்மோடு படித்த கண்ணாடியை நினைத்துக்கொண்டேன். நுண்ணோக்கியில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன நாள். "பார்வை இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை" என்று ஆசிரியர் கேட்டபோது முதலில் சிரித்தது நான்தான். நீ இரண்டாவது. மறுவாரம் அவன் கட்டில் காலியாக இருந்தது. நாம் அதில் துணி காயப்போட்டோம்.

அவன் முகவரி துரையிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் கேட்டால் எதற்கு என்பான். நீ கேட்டு வாங்கி அனுப்பு.

உன்,
மீசை (பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறேன்)

பின்குறிப்பு: படம் அனுப்ப மாட்டேன். கேட்காதே.