631இல் நின்ற கணக்கு

கோத்தகிரி

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். எட்டு மாதமாகப் பதில் போடாதது என் குற்றமே. பச்சைத் தேயிலை விலையைக் கேட்டிருந்தாய். அதை எழுதி உன் மனத்தையும் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. ஐந்து நாள் மழை ஓய்ந்து முந்தாநாள் வெயில் எட்டிப் பார்த்ததால், பூஞ்சை பிடித்த அலமாரியை ஒழித்தேன். அடித்தட்டில் விடுதிக் காலத்து நீல அட்டை நோட்டு கிடைத்தது. 429,49,67,297 என்னும் எண்ணைப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து, விடிய விடிய நாம் நிரப்பிய நோட்டு. கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில், "631: மீதி வருகிறது. இனி எதுவும் வகுக்காது. பகா எண்ணே" என்று தீர்ப்பு, கீழே இரட்டைக் கோடு வேறு! மறுநாள் நம் கணக்கு வாத்தியார் மூக்குப்பொடியார் ஏன் அப்படிச் சிரித்தார் என்பது இப்போதல்லவா விளங்குகிறது. அடுத்த பகா எண் 641, அதுதான் காரணி. 115 பகா எண்களைப் பார்த்து முடித்த மகானுபாவன், 116ஆவதைத் தொடாமல் தூங்கப் போயிருக்கிறாய்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து, ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, வரிசை முழுதும் அப்படியே என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே நம்பினார். அடுத்த அடுக்கான 32இல் வரும் நம் எண்ணை, 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்க வேண்டுமென்பதையும் அவரே பின்னர் நிறுவினார். அந்தச் சல்லடையில் 641 வரை தேறும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தலில் முடிந்திருக்கும். நாம் ஒரு ராத்திரியையும் ஒரு புட்டி மையையும் தொலைத்தோம்.

நேற்று மின்சாரம் போனபின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வகுக்காமலே சரிபார்த்தேன். 5 × 128 = 640; அதாவது 641க்கு ஒன்று குறைவு, எனவே 641ஆல் வகுத்தால் வரும் மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகிவிடும். 128 என்பது 2இன் 7ஆம் அடுக்கு; எனவே இடப்புறத்தில் நிற்பதோ, 5இன் நான்காம் அடுக்கான 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை. 625 என்பது 641க்கு 16 குறைவு. ஆகவே 625 இருந்த இடத்தில் −16ஐ வைக்கலாம். 16 என்பது 2இன் நான்காம் அடுக்கு. அது 28உடன் சேர்ந்து 32 ஆகிறது, குறிதான் எதிர்மறை. ஆக, 2இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டு, மீதி சுழி! பத்து இலக்க எண்ணை ஒரு முறைகூட வகுக்கவில்லை, பார்த்தாயா? எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அந்த அறையில் இருந்த நால்வரில் இன்று நாம் இருவர்தான் மீதி. குடமிளகாய் இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு, "தேநீர் யார் கணக்கில்?" என்றிருப்பான்.

கண் அறுவைக்குப் பின் உனக்குப் பொடி எழுத்து ஆகாது என்பதால் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். நோட்டு காய்ந்ததும் தபாலில் வரும். இரட்டைக் கோட்டுக்குக் கீழே ஒரு வரிக்கு இடமிருக்கிறது. 641ஐ உன் கையால் எழுதித் திருப்பி அனுப்பு.

உன்,
குள்ளன்