சூரியப் புயல் கட்டுரையில் விடுபட்ட பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சூரியப் புயல்கள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் அதைப் படித்து முடிப்பவர், பூமியைச் சுற்றியிருக்கும் மின்னூட்டத் துகள்கள் எல்லாமே சூரியனிலிருந்து வந்தவை என்றுதான் எண்ணுவார். உண்மையில் பூமிக்கு அருகே, எண்ணிக்கையில் மிக அதிகமாக இருப்பவை நம் வளிமண்டலத்திலிருந்தே மேலே போன அயனிகள். அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

வளிமண்டலத்தின் உச்சியில் புற ஊதாக் கதிர் பட்டு அணுக்கள் எலக்ட்ரானை இழக்கின்றன. அப்படி உருவாகும் ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் அயனிகள் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்து மேலேறி, பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. இந்தப் பகுதிதான் பிளாஸ்மாக்கோளம் (பிளாஸ்மா என்பது மின்னூட்டத் துகள்களால் ஆன வாயு). துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால், இவற்றின் ஆற்றல் சுமார் ஒன்றுதான். அதே வட்டாரத்தில், காந்தப்புலத்தில் சிக்கிய அதிவேகத் துகள்கள் பூமியைச் சூழ்ந்து உள், வெளி என இரண்டாக அமைந்திருக்கும் வான் ஆலன் வளையங்களின் எலக்ட்ரான்களுக்கோ பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட்.

ஆற்றல் குறைவு என்பதால்தான் இவற்றை அளப்பது கடினம். வெயிலில் இருக்கும் செயற்கைக்கோளின் மேற்பரப்பில் படும் சூரிய ஒளி, அதிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. துகள்கள் அடர்த்தியாக இல்லாத இடத்தில், அந்த இழப்பை ஈடுகட்டச் சுற்றிலும் போதிய எலக்ட்ரான்கள் கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் சில வோல்ட் நேர்மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. அப்புறம் ஒரு எலக்ட்ரான் வோல்ட் அயனி எப்படி அதன் கருவிக்குள் நுழையும்? வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. கருவி பூஜ்யம் காட்டினால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருளாகாது.

2012இல் நாசா ஏவிய இரண்டு வான் ஆலன் விண்கலங்கள் 2019 வரை இந்தப் பகுதியைச் சுற்றிவந்தன. அவற்றில் இருந்த ஹோப் கருவி சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் முதல் 50,000 வரை ஆற்றலுள்ள அயனிகளை வகை பிரித்து அளந்தது. அதே கலத்தில் இருந்த இன்னொரு கருவி பிளாஸ்மா அலைகளின் அதிர்வெண்ணைப் பதிவு செய்தது. அதிலிருந்து மொத்த எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிடலாம். எலக்ட்ரான்களும் அயனிகளும் அங்கே ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டால், அயனிக் கருவியின் கண்ணில் படாமல் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

சரி, இவ்வளவு ஆற்றல் குறைந்த அயனிகளால் நமக்கு என்ன? பிளாஸ்மாக்கோளத்துக்குள் உருவாகும் ஒருவகை அலைகள்தான் செயற்கைக்கோள்களைப் பழுதாக்கும் அதிவேக எலக்ட்ரான்களைச் சிதறடித்து வளிமண்டலத்தில் விழ வைக்கின்றன. உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுவே.

உங்கள் கட்டுரை 2024 மே மாதப் புயலில் வட இந்தியாவில், லடாக்கில், செந்நிற ஒளி தெரிந்ததை விரிவாகச் சொல்கிறது. அதே புயலில் ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் கண்டது இன்னும் வியப்பானது. சுமார் 44,000 கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருந்த பிளாஸ்மாக்கோளம் ஒன்பது மணி நேரத்தில் 9,600 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. மீண்டும் நிரம்ப நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. புயலின் வெப்பத்தால் மேல் வளிமண்டலத்தின் கலவையே மாறி, அயனிகள் உருவாகும் மேல் அடுக்கான அயனமண்டலத்தில் அடர்த்தி குறைந்து, கீழிருந்து மேலே போகவேண்டிய அயனிகளின் வரத்து தடைப்பட்டதுதான் இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, புயல் ஓய்ந்த பிறகு நடப்பதற்குச் சூரியனை மட்டும் பார்த்தால் போதாது. நம் வளிமண்டலத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பாதியையும் ஒரு தனிக் கட்டுரையாக வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வான் ஆலன் விண்கலங்களின் தரவுகளும் அராசேயின் தரவுகளும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கும்படி இருக்கின்றன. கட்டுரையின் முடிவில் அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் இயற்பியல் மாணவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை